சியாங் மாயில் கை உயர்த்திய மாணவர்கள்: ஒரு குறுகிய கால மிஷன் பயணத்தின் ஆய்வு

பின்னணி

சென்னைப் புறநகர் சபை ஒன்றின் வாலிபர் ஐக்கியம் ஜூலை மாதத்தில் வட தாய்லாந்திலுள்ள சியாங் மாய் நகருக்கு இரண்டு வார மிஷன் பயணம் போய்வந்தது. போனவர்கள் பன்னிரண்டு பேர். பெரும்பாலானவர்கள் படிப்பை முடித்து ஓரிரு வருடம் வேலை பார்த்தவர்கள். சிலர் இன்னும் கல்லூரியில் இருக்கிறார்கள். குழுத் தலைவர் ஐ.டி. துறையில் வேலை செய்பவர், தன் கல்லூரி நாட்களிலிருந்தே மாணவர் ஊழியத்தில் ஊறியவர். அங்கே இவர்களை வரவேற்றது ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய தாய்லாந்து சபை (இனி 'தாய் சபை'). சபை வளாகத்திலேயே ஒரு விடுதியும் உண்டு. மலைக் கிராமங்களிலிருந்து படிக்க வரும் கரேன், லாஹு இன மாணவர்கள் அதில் தங்கியிருக்கிறார்கள்.

இதை எழுதும் நான் அந்தச் சென்னை சபையின் மிஷன் கமிட்டியில் இருக்கிறேன். குழுவோடு போகவில்லை. திரும்பி வந்தவர்களிடமும், இணைய வழியாகத் தாய் சபையினரிடமும் பேசி இதைத் தொகுத்தேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

தாய்லாந்து மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பௌத்தர்கள். கிறிஸ்தவர்கள் சுமார் 1 சதவீதம். அவர்களிலும் கணிசமானவர்கள் வடக்கின் மலையின மக்கள். ஆனால் கிறிஸ்தவம் சியாங் மாய்க்குப் புதிதல்ல. அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் மிஷனரி டேனியல் மெக்கில்வரி 1867இல் குடும்பத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தார். மிஷனரிகள் வைத்த பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இன்றும் நல்ல பெயர் இருக்கிறது. மிஷன் பள்ளியில் படித்துவிட்டுக் கடைசிவரை பௌத்தராகவே இருப்பது அந்த ஊரில் சர்வ சாதாரணம், நம் கான்வென்ட்டுகளில் படித்த இந்துப் பிள்ளைகளைப் போலத்தான். ஆக, அங்குள்ள மாணவருக்குச் சபை என்றால் பயமோ வெறுப்போ கிடையாது. "அது வேறொருவருடையது" என்ற மரியாதையான விலகல்தான் உண்டு.

புறப்படுமுன்

பயிற்சி என்னவோ பலமாகத்தான் நடந்தது. ஒரு ஸ்கிட், தாய்லாந்து மொழியில் இரண்டு பாடல்கள், மூன்று நிமிடத்தில் சாட்சி சொல்வது, நிற மணிகள் கோத்த கைக்கயிற்றை வைத்துச் சுவிசேஷத்தை விளக்குவது என்று சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தயார் செய்தார்கள். தாய்லாந்தைப் பற்றி மட்டும் ஒரே ஒரு மாலை. யார் தலையையும் தொடக்கூடாது, காலை நீட்டி உட்காரக்கூடாது, கைகூப்பி வணங்க வேண்டும் என்பவற்றோடு அது முடிந்துவிட்டது.

தேதியை யாரும் சரிபார்க்கவில்லை. அந்த ஜூலையில் வந்த பௌர்ணமி, புத்தர் சாரநாத்தில் ஐந்து சீடர்களுக்கு முதல் உபதேசம் செய்த நாள். மறுநாளே பிக்குகளின் மழைக்கால விரதம் தொடங்குகிறது. இரண்டும் அரசு விடுமுறை, மாணவர்கள் பாதிப்பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். குழு தன் பெரிய நிகழ்ச்சியை மிகச் சரியாக அந்தப் பௌர்ணமி மாலையில் வைத்திருந்தது. தாய் போதகர் மின்னஞ்சலில் இரண்டு தடவை, "அன்று மாணவர்கள் கொஞ்சம் குறைவாக இருக்கக்கூடும்" என்று எழுதியிருந்தார். சென்னையில் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டார்கள். நம்மூர்ப் போதகர் என்றால் "அன்னிக்கு வேண்டாம் தம்பி" என்று போனிலேயே சொல்லியிருப்பார்.

சட்டத்தைப் பற்றிய கேள்வியும் அங்கே போன பிறகுதான் வந்தது. தாய்லாந்தில் வெளிநாட்டவர் பாடம் நடத்த வேண்டுமென்றால், சம்பளம் வாங்காமல் செய்தாலும், வேலை அனுமதி தேவை. சுற்றுலாப் பயணியாக நுழைந்தவருக்கு அது கிடையாது. அதனால் பல்கலைக்கழகத்துக்குள் ஆங்கில வகுப்பு எடுக்கும் யோசனையைத் தாய் சபை ஏற்கவில்லை. பதிலாக, சபை ஹாலில் மாலை நேரத்தில் நண்பர்களாக உட்கார்ந்து பேசுவது என்று முடிவானது. அதற்கு அச்சிட்ட போஸ்டரில் "ஆங்கில உரையாடல் மாலை, இந்திய நண்பர்களோடு, இலவசம்" என்று மட்டும் இருந்தது. கூட்டம் நடக்கும் இடத்தின் முகவரியைத் தவிர, கிறிஸ்தவம் என்பதற்கான தடயம் அதில் எதுவுமில்லை.

முதல் வாரம்: கண்டவை

முதல் மாலையே நாற்பது பேருக்கு அருகில் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை அல்லது கால்சட்டை என்ற பல்கலைக்கழகச் சீருடையோடு, வகுப்பு முடிந்து நேராக வந்தவர்களே அதிகம். இந்திய சினிமா, பரீட்சை, சாப்பாடு என்று பேச்சு நன்றாக ஓடியது. குழுவினர் போட்ட இஞ்சி ஏலக்காய் டீ பெரிய வெற்றி. அதன்பின் ஸ்கிட், சாட்சி, பாடல். கூட்டம் ஏழு மணிக்கு முடிந்தும் ஒன்பதுவரை மாணவர்கள் கிளம்பவில்லை.

மூன்றாவது மாலையில் அழைப்பு கொடுத்தார்கள். விளக்கைக் குறைத்து, கிடார் மெதுவாக வாசிக்க, குழுவிலிருந்த ஒரு சகோதரி தன் சாட்சியைச் சொல்லி அழுதார். "கண்களை மூடிக்கொள்ளுங்கள், இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள்." முப்பதுக்கும் மேற்பட்ட கைகள் உயர்ந்தன. பெயர், போன் நம்பர் எழுதும் தீர்மான அட்டைகள் கொடுக்கப்பட்டன. அன்றிரவே, உயர்ந்த கைகளும் முகங்களும் தெரிகிற புகைப்படம் சென்னை ஆதரவாளர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. "அறுப்பு மிகுதி" என்று தலைப்பு. அல்லேலூயாக்கள் குவிந்தன. அடுத்த வருடப் பயணத்துக்குக் காணிக்கை தருவதாக ஒருவர் அங்கேயே அறிவித்துவிட்டார்.

குழுவுக்கு மொழிபெயர்த்தவர் தாய் சபையின் பெண் ஊழியர், முப்பது வயதுக்காரர். அவர் கவனித்தவை வேறு. அழைப்புக்குப் பிறகு மாணவர்கள் டீக்கு நிற்கவில்லை, பத்தே நிமிடத்தில் ஹால் காலி. மறுநாள் மாலை மறுபடி அழைப்பு கொடுத்தபோது, முந்தின நாள் உயர்த்திய அதே பேர்தான் திரும்பவும் உயர்த்தினார்கள். முன்வரிசையில் இருந்த கைகளில் பல, அவர் தினமும் பார்க்கிற விடுதிப் பிள்ளைகளின் கைகள். சாட்சி சொன்ன ஒரு வாலிபர் கோயில் சிலைகளைக் கேலியாகக் குறிப்பிட்டபோது, அந்த வாக்கியத்தை அவர் மொழிபெயர்க்காமலே தாண்டினார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. குழுவில் ஒருவருக்கும் அப்போது அது தெரியாது.

அட்டைகளைப் பிரித்த இரவு

வாரக் கடைசியில் அந்த ஊழியர், போதகர், குழுத் தலைவர் மூவரும் சாப்பாட்டு மேசையில் அட்டைகளைப் பரப்பி உட்கார்ந்தார்கள். மொத்தம் 34. அதில் ஒன்பது விடுதி மாணவர்களுடையவை. அந்த ஒன்பது பேரும் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்கள். இரண்டு பேர் மலைக் கிராமப் போதகர்களின் பிள்ளைகள். ஐந்து அட்டைகளில் போன் நம்பருக்கு ஓர் இலக்கம் குறைந்தது. மீதி இருந்தவர்களுக்கு ஊழியர் லைன் செயலியில் செய்தி அனுப்பியிருந்தார். பதில் போட்டவர்கள் எல்லாருமே அன்பாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு மாணவியின் பதில்: "மிக்க நன்றி. ஆங்கிலம் பேசியது சந்தோஷம். மன்னித்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் பௌத்தம்."

விடுதியில் இருக்கும் ஒரு கரேன் மாணவரைக் கூப்பிட்டு, நீ ஏன் கை தூக்கினாய் என்று தலைவர் கேட்டார். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அந்த அக்கா அழுதாங்க. யாருமே கை தூக்கலைன்னா அவங்களுக்குக் கஷ்டமா இருக்குமே."

இந்த ஒரு பதிலில் அந்த வாரம் முழுதும் விளங்கிவிடுகிறது. எதிரே இருப்பவர் மனம் நோகக்கூடாது, அவருக்குச் சங்கடம் தரக்கூடாது என்று தன் விருப்பத்தை அடக்கிக்கொள்வதைத் தாய் மக்கள் 'கிரெங் ஜாய்' என்பார்கள். பிள்ளைகளுக்குச் சிறு வயதிலிருந்தே கற்றுத்தரும் பண்பு அது. கடல் தாண்டி வந்து, டீ போட்டுக் கொடுத்து, கண்ணீரோடு கேட்கும் விருந்தாளிக்கு "இல்லை" என்று சொல்லும் வழியை அந்தக் கூட்டம் ஒரு மாணவருக்கும் விட்டுவைக்கவில்லை. போதகர் எழுதிய "கொஞ்சம் குறைவாக இருக்கக்கூடும்" என்பதும் இதே வகைதான்.

அதே நாளில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் போதகருக்கு போன் செய்திருந்தார். புகார் என்று சொல்ல முடியாது. என் முதலாண்டு மாணவர்கள் வருவது ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கா, மதக் கூட்டத்துக்கா, தெரிந்துகொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டார். போதகரால் பதில் சொல்ல முடியவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மறுநாள் காலை ஜெபத்துக்குப் பிறகு முழுக் குழுவும் பேசியது. இரண்டு கட்சியானார்கள். "வார்த்தை வெறுமையாய்த் திரும்பாது, விதைப்பது மட்டும்தான் நம் வேலை. உயர்ந்த கையைச் சந்தேகப்பட நாம் யார்?" என்றனர் ஒரு சாரார். "ஆங்கிலம் என்று கூப்பிட்டுவிட்டு வேறொன்றைக் கொடுத்திருக்கிறோம்" என்றனர் மற்றவர்கள். முதல் கட்சியை அவசரக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களில் இருவர் இப்படிப்பட்ட ஓர் அழைப்பில்தான் தங்கள் வாழ்க்கையே மாறியது என்று சொல்பவர்கள். ஆனால் அது தமிழ்நாட்டில், சொந்த மொழியில், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடக்கூடிய கூட்டத்தில் நடந்தது.

கடைசியில் தலைவர் தாய் போதகரிடம் முடிவை விட்டார். போதகர் முதலில் சொன்னது, அழைப்பை நிறுத்துவோம் என்பதை. "நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள். அந்தப் பிள்ளைகளைத் தெருவில் பார்க்கப்போவது நான். பொய்யாக ஒரு வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு என்னைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள்." இதற்கு ஒருவரும் பதில் பேசவில்லை.

போஸ்டரைத் திருத்தினார்கள். சபையின் பெயர் மேலேயே வந்தது. ஆறரை மணிவரை உரையாடல், பிறகு டீ, ஏழு மணிக்குமேல் கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் இருக்கலாம் என்று தெளிவாக எழுதப்பட்டது. டீயை நடுவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினால் யாருக்கும் அது மறுப்பாகத் தெரியாது. "எல்லாரும் போய்விடுவார்கள்" என்று குழுவில் ஒரு தம்பி கடைசிவரை எதிர்த்தான்.

புகைப்படங்களை அழிக்கச் சொல்லி வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி போனது. தாய் மாணவர் ஒருவரின் படம், அவருக்கே தெரியாமல், "இரட்சிக்கப்பட்டவர்" என்ற பெயரில் சுற்றுவது அவர் குடும்பத்தில் என்ன விளைவைத் தரும் என்று சென்னையில் யாரும் யோசித்திருக்கவில்லை. சாட்சிகளில் பிற மத வழிபாட்டைத் தொடும் வாக்கியங்கள் நீக்கப்பட்டன. பௌர்ணமி நிகழ்ச்சி ரத்தானது.

அந்த மாலை காலியாகிவிட்டதும் புதிய சிக்கல் வந்தது. ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட இரண்டு மாணவிகள், பக்கத்துப் புத்த கோயிலில் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, பூ ஏந்தி மூன்று சுற்று வருவார்கள், வாருங்கள் என்று குழுவை அழைத்தார்கள். நம் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு நெருடலான அழைப்பு என்று விளக்கத் தேவையில்லை. நீங்கள் அழைத்தபோது நாங்கள் வந்தோமே என்று அந்த மாணவிகள் கேட்கவில்லை. ஆனால் கேள்வி அங்கேயே இருந்தது. போக விரும்புகிறவர்கள் போகலாம், வாசலுக்கு வெளியே நின்று பார்க்கலாம், மெழுகுவர்த்தி ஏந்திச் சுற்றுவதில்லை, காரணத்தை மாணவிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று தலைவர் முடிவு செய்தார். மனசாட்சி இடம் தராத இருவர் விடுதியிலேயே இருந்தார்கள். அவர்களையும் யாரும் குறை சொல்லவில்லை. "எங்கள் வழிபாட்டில் நாங்கள் இதைச் செய்வதில்லை, ஆனால் நீங்கள் செய்வதைப் பார்க்க வந்தோம்" என்று சொன்னபோது மாணவிகள் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. மரியாதையாகவும் மறுக்கலாம் என்பதை விருந்தாளிகள் செய்து காட்டியது அவர்களுக்கும் உதவியது என்று ஊழியர் பிற்பாடு சொன்னார். அது சரியென்றே எனக்கும் படுகிறது.

இரண்டாவது வாரம்

எதிர்த்த தம்பி சொன்னது பாதி பலித்தது. விடுமுறைக்குப் பிந்திய முதல் மாலையில் பதினைந்து பேர் வந்தார்கள். டீக்குப் பிறகு ஆறேழு பேர்தான் மிஞ்சினார்கள். ஸ்கிட் இல்லை, கிடார் இல்லை. தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள்.

"எல்லா மதமும் நல்லவராக இருக்கத்தானே சொல்கிறது?" என்பது முதலில் வந்த கேள்வி. தாய்லாந்தில் பெரும்பாலும் பேச்சை முடித்துவைக்கத்தான் இப்படிச் சொல்வார்கள். அன்றைக்கு அதைச் சொன்ன மாணவர் நிஜமாகவே பதிலை எதிர்பார்த்தார். பயிற்சியில் மனப்பாடம் செய்த பதில் கைவசம் இருந்தும், அவர் எதை நல்லது என்கிறார் என்று திருப்பிக் கேட்டுவிட்டு அரைமணி நேரம் காது கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான், நல்லவர்களாக முடியாமல் தோற்றவர்களுக்கு இயேசுவிடம் என்ன இருக்கிறது என்று தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள்.

இன்னொரு மாலையில் லாம்பாங் பகுதியிலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருவர் பேசினார். அவருடைய தம்பி சில வாரங்களுக்குப் பிக்குவாகத் துறவறம் ஏற்கப் போகிறான். மகன் துறவறம் ஏற்றால் அந்தப் புண்ணியம் தாய்க்குச் சேரும் என்பது அங்குள்ள நம்பிக்கை. மகளுக்கு அந்த வழி கிடையாது. "நான் கிறிஸ்தவளானால், அம்மா செத்த பிறகு அவருக்காகப் பிக்குகளுக்கு அன்னமிட்டுப் புண்ணியம் சேர்க்க மாட்டேன் அல்லவா? அப்படியென்றால் நான் அம்மாவைக் கைவிட்டவள்தானே?"

கைக்கயிற்றின் எந்த நிற மணியிலும் இதற்குப் பதில் இல்லை. குழுவில் ஒருவர் முதல் தலைமுறைக் கிறிஸ்தவர், மதுரைப் பக்கத்துக்காரர். அவருடைய பாட்டி, "எனக்கு யாருடா கொள்ளி வைப்பா?" என்று கேட்டதை அவர் சொன்னார். பாட்டி இறந்தபோது சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். இவர் பந்தலில் ஓரமாக நின்றார். உறவில் சிலர் இன்றுவரை பேசுவதில்லை. கடைசி இரண்டு வருடம் பாட்டியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பார்த்துக்கொண்டது தான்தான் என்றும், அது ஈடாகுமா என்று இன்னும் தெரியவில்லை என்றும் சொன்னார். சுவிசேஷத்தை எளிதாக்கிச் சொல்லவில்லை. அந்த மாணவி அவரிடம் அதற்கப்புறமும் வெகுநேரம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பயணம் முழுவதிலும் நீண்ட உரையாடல் அதுதான்.

கடைசி மாலையில் தாய் சபையின் மூப்பர் ஒருவர், அந்த நகரில் முதன்முதலில் விசுவாசித்தவரின் கதையைக் குழுவுக்குச் சொன்னார். அவர் முன்பு பௌத்த மடத்துக்குத் தலைவராக இருந்த படிப்பாளி. மெக்கில்வரியோடு மாதக்கணக்கில் வாதாடினார். 1868 ஆகஸ்ட் 18 அன்று சூரிய கிரகணம் வரப்போவதை மெக்கில்வரி ஒரு வாரம் முன்னதாகவே சொல்ல, அது அப்படியே நடந்தது. நம் குண்டூரிலிருந்து விஞ்ஞானிகள் ஆராய்ந்த அதே கிரகணம்தான். அதற்குப் பிறகும் அவர் உடனே முடிவெடுத்துவிடவில்லை; வேதத்தைப் படித்து, 1869 தொடக்கத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் விசுவாசிகள் இருவரை அப்போதைய ஆட்சியாளர் கொலை செய்வித்தார். மத சுதந்திரத்தை உறுதி செய்த அரச ஆணை 1878இல்தான் வந்தது. இந்த வரலாறு பயிற்சியின் முதல் சனிக்கிழமையே சொல்லப்பட்டிருக்க வேண்டியது.

அதன்பின் நடந்தவை

ஆறு மாதம் கழித்து ஊழியரிடம் விசாரித்தேன். அட்டை எழுதிய பௌத்த மாணவர்களில், அந்த அட்டையின் பேரில் ஆராதனைக்கு வந்தவர் யாருமில்லை. இரண்டாவது வாரத்தில் டீக்குப் பின் தங்கியவர்களில் மூன்று பேர், சபையில் புதன்கிழமை தோறும் நடக்கும் இரவுச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவர், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, ஆனால் இந்தக் கூட்டம் பிடித்திருக்கிறது என்று நேராகவே சொல்லிவிட்டார். தொடர்ந்து வருகிறார். லாம்பாங் மாணவி ஊழியரோடு லூக்கா சுவிசேஷம் வாசிக்கிறார். எதை முடிவெடுப்பதானாலும் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் என்று நிபந்தனை வைத்திருக்கிறார், ஊழியரும் அவசரப்படுத்தவில்லை.

எதிர்பாராத மாற்றம் விடுதியில்தான். கை உயர்த்திய அந்தக் கரேன் மாணவரும் நண்பர்களும், தங்கள் வகுப்புத் தோழர்களிடம் விசுவாசத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை என்பதை அந்த வாரத்தில்தான் யோசித்தார்களாம். சமவெளித் தாய் மாணவர்கள் மத்தியில் மலையினப் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம். இப்போது புதன்கிழமை சமைப்பதும் பரிமாறுவதும் அவர்கள்தான். குழு இதைத் திட்டமிடவில்லை. இதற்கு உரிமை கொண்டாடவும் முடியாது.

சென்னையில் அறிக்கைக் கூட்டம் கொஞ்சம் சூடாகவே நடந்தது. "அப்போ ஞானஸ்நானம் எத்தனை?" என்று மூப்பர் ஒருவர் கேட்டார். "ஒன்றும் இல்லை அண்ணன்" என்றார் தலைவர். 34 என்ற எண்ணை ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. காணிக்கை அறிவித்தவர் பின்வாங்கினார். வேறு இருவர், விமான டிக்கெட்டுக்குப் பதிலாக அந்த ஊழியரின் மாதச் செலவில் ஒரு பங்கைத் தாங்கலாமா என்று கேட்டு, தர ஆரம்பித்தார்கள்.

மாற்ற வேண்டியவை

அடுத்த பயணம் ஜூலையில் இல்லை. இரண்டாம் பருவம் தொடங்கிய பிறகு, நவம்பரில். தேதியைத் தாய் சபை குறிக்கும். பன்னிரண்டு பேர் போகத் தேவையில்லை. நான்கைந்து பேர் போதும், ஆனால் வருடா வருடம் அதே ஆட்கள் போக வேண்டும். முகம் தெரிந்த ஒருவரிடம்தான் லாம்பாங் மாணவி கேட்டது போன்ற கேள்வியைக் கேட்பார்கள்.

தாய் சபையோடு கடிதம் எழுதும் முறையையும் மாற்றுகிறோம். "இது சரிதானே?" என்று கேட்டால் வரும் பதில் எப்போதும் "சரி"தான். இரண்டு மூன்று திட்டங்களை முன்வைத்து, எது உங்களுக்கு வசதி என்று கேட்டால் உண்மையான பதில் வருகிறது. நவம்பர் பயணத்துக்கு அப்படிக் கேட்டபோது, நாங்கள் முதலாவதாக வைத்த திட்டத்தைப் போதகர் தயங்காமல் தள்ளிவிட்டார்.

மாணவர் கூட்டங்களில் வெளிநாட்டுக் குழு அழைப்பு கொடுப்பதில்லை என்பதைக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. யாராவது தானாக வந்து கேட்டால் உள்ளூர் ஊழியரிடம் அறிமுகப்படுத்துவது மட்டுமே குழுவின் வேலை. மாணவர் முகம் தெரியும் படங்கள் எதுவும் ஆதரவாளர்களுக்குப் போகாது.

ஒன்றில் மட்டும் உடன்பாடு எட்டவில்லை. எங்கள் பயண அறிக்கைப் படிவத்தில் "தீர்மானம் எடுத்தவர்கள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது குழுத் தலைவரின் கோரிக்கை, என்னுடையதும்தான். காணிக்கை தருகிறவர்களுக்கு ஏதாவது ஓர் அளவு வேண்டாமா என்பது மற்றவர்களின் வாதம். தற்போதைக்குக் கட்டம் அப்படியே இருக்கிறது. இந்தப் பயணத்தின் படிவத்தில் தலைவர் அதை நிரப்பாமல் கொடுத்திருக்கிறார், கமிட்டியும் வாங்கிக்கொண்டது.